கேளுங்க, சொல்றேன்: இந்த தடவை முழுக்க திரிபுரா

போன இதழ்ல வடகிழக்கு தேர்தல் பத்தின ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது, "திரிபுராவுல மண்ணோட மக்கள் மூணுல ஒரு பங்குதான்"னு போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன். திரிபுரிகள் மாதிரி பழங்குடிகளைத்தான் அப்படிச் சொன்னேன். அதைப் புடிச்சுக்கிட்டு லெட்டர், மெயில், வாட்ஸ்அப்னு வந்து குவிஞ்சிடுச்சு. அதனால சினிமா கேள்வி, கிரிக்கெட் கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு, கோச்சுக்காதீங்க.

கேள்வி (வாசகர், ராமநாதபுரம்): என் தம்பி எல்லைக் காவல் படையில இருக்கான், இப்ப அகர்தலா பக்கம் போஸ்டிங். கடை, பஸ், ஆபீஸ் எங்க போனாலும் பெங்காலிதான் பேசுறாங்களாம், கல்கத்தாவுல இருக்கிற மாதிரியே இருக்குங்கிறான். அப்ப நீங்க சொன்ன திரிபுரிகள் எங்க சார் இருக்காங்க?

பதில்: தம்பி சொல்றது கரெக்டுதான், ஆனா அவர் பாக்குறது தலைநகர் அகர்தலாவும் பார்டர் ஓரமும். லீவு கிடைக்கிறப்ப ஒரு மணி நேரம் உள்ள தள்ளி மந்தாய், தக்கார்ஜலா பக்கம் போய் சந்தையில நிக்கச் சொல்லுங்க, திரிபுரிகளோட பாஷை கோக்போரோக் காதுல விழும், பொம்பளைங்க ரிக்னாய்ங்கிற இடுப்புத் துணி கட்டிக்கிட்டு மூங்கில் குருத்தும் பெர்மாவும் வச்சு வித்துக்கிட்டு இருப்பாங்க (பெர்மான்னா நொதிக்க வச்ச கருவாடு, வாசனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரும்).

2011 சென்சஸ்ல திரிபுரா ஜனத்தொகை 36.7 லட்சம், அதுல பழங்குடிகள் கிட்டத்தட்ட 32 சதவீதம். திரிபுரி, ரியாங், ஜமாத்தியா, நோவாத்தியா, ஹலாம், சக்மா, மோக்னு மொத்தம் 19 பிரிவு. நூறு வருஷம் பின்னாடி, 1901-ல மொத்த ஜனமே 1.73 லட்சம்தான், அப்ப பழங்குடிகள் 53 சதவீதம். நிறைய பேர் நினைக்கிற மாதிரி 90, 95 எல்லாம் இல்ல, அப்பவே பாதிக்குப் பாதிதான், அதை முதல்ல மனசுல வச்சுக்கங்க. 1941-லயும் 50. அப்புறம்தான் சரிவு: 1951-ல 37, 1961-ல 31.5, 1971-ல 29, 1981-ல 28.4. அதுக்கப்புறம் இறங்கவே இல்ல, மெதுவா கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. இந்த கடைசி வரியை யாருமே சொல்றதில்ல, அதான் நான் அழுத்திச் சொல்றேன்.

கேள்வி (வாசகி, மதுரை): ராஜாவே வெளியாட்களை கூப்பிட்டு குடி வச்சு சொந்த ஜனங்களை மைனாரிட்டி ஆக்கிட்டாருன்னு ஒரு யூடியூப் வீடியோவுல பாத்தேன், நிஜமா?

பதில்: கூப்பிட்டது நிஜம்மா. மைனாரிட்டி ஆனது ராஜா காலத்துல இல்ல.

மாணிக்ய வம்சம்னு பேரு, மலையில அவங்க ராஜா, ஆனா அதே ராஜாவுக்கு பிரிட்டிஷ்காரன் நேரடியா ஆண்ட சமவெளியில சக்லா ரோஷனாபாத்னு பெரிய ஜமீனும் இருந்துச்சு, இன்னிக்கு பங்களாதேஷ்ல இருக்கிற கொமில்லா பக்கம். அதாவது ஒரே ஆள் மலையில ராஜா, கீழ இறங்கினா வங்காளி விவசாயிகளுக்கு ஜமீன்தார். மலை ஜனங்க செஞ்சது ஜூம் விவசாயம், காட்டுல ஒரு பகுதியை வெட்டி எரிச்சு ஒரே குழியில நெல்லு, பருத்தி, எள்ளு, மிளகாய்னு கலந்து போடுவாங்க, ரெண்டு மூணு வருஷத்துல அடுத்த இடத்துக்குப் போயிடுவாங்க. அவங்ககிட்ட நிலத்துக்கு வரி வாங்க முடியாது, ஒரே இடத்துல இருந்தாத்தானே! அதனால குடும்பத்துக்கு இவ்வளவுன்னு "கர் சுக்தி" வரி மட்டும் வாங்குனாங்க. ஏர் உழுது ஒரே இடத்துல நெல்லு போடுற வங்காளி விவசாயி வந்தா வருஷா வருஷம் நில வரி வரும், கஜானாவுக்கு லாபம், அதான் கூப்பிட்டாங்க. சின்னச் சின்ன குன்றுகளை அங்க "டில்லா"ம்பாங்க, அதுக்கு நடுவுல இருக்கிற தாழ்வான ஈரநிலம் "லுங்கா". வந்தவங்க லுங்காவுல இறங்குனாங்க, இருந்தவங்க டில்லாவுல நின்னாங்க. இந்த ரெண்டு வார்த்தை இல்லாம திரிபுரா கதையை சொல்லவே முடியாது.

ஆபீஸ் வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் வங்காளிகள்தான், அரண்மனை ஃபைல் எல்லாம் பெங்காலியில. தாகூர் அந்த ராஜாக்களுக்கு தோஸ்த், பல தடவை அகர்தலா வந்து போயிருக்கார். நாம இந்தி பாட்டுல உருகுற எஸ்.டி.பர்மன் அந்த ராஜ குடும்பத்து வாரிசு, பிறந்தது கொமில்லாவுல, பாடினது பெங்காலியில, அப்ப அரண்மனையோட ருசி எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்துச்சுன்னு நீங்களே பாத்துக்கங்க.

ஆனா கடைசி ராஜா பீர் பிக்ரமுக்கு விஷயம் உறைச்சிருக்கு. 1931-ல 110 சதுர மைல், 1943-ல இன்னொரு 1,950 சதுர மைல், இதெல்லாம் பழங்குடிகளுக்கு மட்டும்னு ஒதுக்கி வச்சார். மொத்த மாநிலமே 4,000 சதுர மைல் சொச்சம்தான், அதுல பாதி! 1947 மே மாசம் அவர் செத்துட்டார். அடுத்த வருஷமே அதுல ஒரு பகுதியை அகதிகளுக்கு திறந்துவிட்டாங்க, 1960-ல புது நிலச்சட்டம் வந்ததும் அந்த ஏற்பாடே மொத்தமா போயிடுச்சு.

கேள்வி (வாசகர், ஓசூர்): பிரிவினைன்னாலே பஞ்சாப்தான் படிச்சிருக்கோம், திரிபுராவுக்கு அதுல என்ன சம்பந்தம்?

பதில்: மேப்பை எடுத்துப் பாருங்க. வடக்கு, தெற்கு, மேற்கு மூணு பக்கமும் பங்களாதேஷ். 856 கிலோமீட்டர் பார்டர், அப்போ வேலி கிடையாது ஒண்ணும் கிடையாது. பஞ்சாப்ல நடந்தது ஒரே மூச்சுல முடிஞ்சுது, கிழக்குல சொட்டுச் சொட்டா இருவது வருஷத்துக்கு மேல நடந்துச்சு. 1946 நோவாகாளி கலவரம், 1950 கலவரம், 1952-ல பாஸ்போர்ட் வரப் போகுதுன்னு பயந்து ஒரு அலை, 1964 கலவரம், ஒவ்வொரு தடவையும் கொமில்லா, நோவாகாளி, சில்ஹெட் பக்கத்து இந்துக்கள் கைக்குக் கிடைச்சதை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்தாங்க. பக்கத்து ஊரு மாதிரிதான், நடந்தே வந்தவங்க உண்டு. 1951-க்கும் 61-க்கும் நடுவுல ஜனத்தொகை 6.4 லட்சத்துல இருந்து 11.4 லட்சம் ஆச்சு, அந்த அளவு புள்ள பெத்து எந்த ஊர்லயும் ஏறாது.

1971 யுத்தம் தனிக் கதை. திரிபுராவோட ஜனமே 15.5 லட்சம், வந்த அகதிகள் 13 லட்சத்துக்கு மேல! பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி எல்லாம் கேம்ப். அதுல பெரும்பாலானவங்க யுத்தம் முடிஞ்சதும் திரும்பிட்டாங்க, அதனாலதான் 71-லயும் 81-லயும் பழங்குடி சதவீதம் பெருசா மாறல.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): அப்ப முஸ்லிம்கள்?

பதில்: நல்ல கேள்வி, யாரும் கேக்காதது. 1941-ல திரிபுராவுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் முஸ்லிம், 2011-ல 8.6 சதவீதம். இந்தப் பக்கம் வந்தது எவ்வளவு நிஜமோ அந்தப் பக்கம் போனதும் அவ்வளவு நிஜம். வீட்டுக்கு வீடு, வயலுக்கு வயல்னு பேசி மாத்திக்கிட்டுப் போன குடும்பங்களும் இருக்கு.

கேள்வி (வாசகர், காரைக்கால்): சுத்தி வளைக்காம சொல்லுங்க, இது வங்காளிகளோட ஆக்கிரமிப்பா இல்லையா?

பதில்: அந்த வார்த்தை எனக்கு ஒட்டல. வீட்டை எரிச்சு துரத்திவிட்ட குடும்பம் ஒரு மூட்டையோட பார்டர் தாண்டி வந்து உக்காந்தா அதை ஆக்கிரமிப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதே சமயம் அந்த மூட்டையை இறக்கி வைக்க கொடுத்த இடம் ஏற்கெனவே யாரோ ஒருத்தர் ஜூம் போட்டுக்கிட்டு இருந்த இடம், அவர்கிட்ட யாரும் கேக்கல, அதுவும் உண்மை. பாதிக்கப்பட்ட ரெண்டு கூட்டத்தை ஒரே லுங்காவுல இறக்கி விட்டுட்டு டெல்லி கையைத் தட்டிக்கிட்டுப் போயிடுச்சு, என் கோபம் அங்கதான்.

அதோட எல்லாரும் சதவீதத்தையே புடிச்சுத் தொங்குறாங்க. நான் சொல்றேன், திரிபுரா சண்டை தலைக்கணக்கு சண்டை இல்ல, நிலத்துச் சண்டை. கர் சுக்தி வரி பத்தி மேல சொன்னேன் பாருங்க, நிலத்துக்கு வரி கட்டலன்னா நிலத்துக்கு காகிதமும் கிடையாது. பரம்பரையா இருந்த இடம், ஆனா ஆபீஸ் பதிவேட்டுல அது சர்க்கார் காடு. இன்னொரு பக்கம் "தாதன்"னு ஒண்ணு, பஞ்சமான மாசத்துல கடைக்காரர் கடன் கொடுப்பார், அறுவடையில அவர் சொன்ன அடிமாட்டு விலைக்கு விளைச்சலைக் கொடுக்கணும், ரெண்டு வருஷம் மழை பொய்ச்சா நிலமும் போயிடும். பழங்குடி நிலத்தை வெளியாள் கலெக்டர் அனுமதி இல்லாம வாங்கக் கூடாதுன்னு 1960 சட்டத்துல 187-வது பிரிவு இருந்துச்சு, ஆனா எழுத்து இல்லாம வாய்ப்பேச்சுலயே நிலம் கைமாறுறது நிக்கல. 1974-ல திருத்தம் போட்டு, 1969 ஜனவரி 1-க்கு அப்புறம் சட்டவிரோதமா கைமாறினதை மட்டும் திருப்பித் தரோம்னாங்க. அப்ப அதுக்கு முன்னாடி போனது? போனது போனதுதான்.

கேள்வி (வாசகி, ஈரோடு): அணை கட்டினதுனால கலவரம் வந்துச்சுன்னு ஒரு கட்டுரையில படிச்சேன், அது என்ன அணை?

பதில்: கும்தி ஆத்துல டும்பூர் அணை, 1970-கள்ல கட்டினது. அதனாலயே கலவரம் வந்துச்சுன்னு ஒரே கோடு போட மாட்டேன், ஆனா கோபத்துல எண்ணெய் ஊத்துச்சு. ராய்மா பள்ளத்தாக்குன்னு மாநிலத்துலயே செழிப்பான பழங்குடி வயல், கஷ்டப்பட்டு ஜூமை விட்டுட்டு ஏர் விவசாயத்துக்கு மாறுன ஜனங்களோட வயல், அது அப்படியே தண்ணிக்குள்ள போயிடுச்சு. பட்டா காட்டுனவங்களுக்குத்தான் நஷ்டஈடு, மத்தவங்க திரும்ப டில்லாவுக்கு ஏறிட்டாங்க. கிடைச்ச கரண்ட் எவ்வளவுங்கறீங்க, 15 மெகாவாட் தாண்டாது. இப்ப அங்க போட்டிங் விடுறாங்க.

1967-லயே திரிபுரா உபஜாதி ஜுப சமிதின்னு கட்சி வந்து தன்னாட்சி கேட்டுச்சு, அப்புறம் பிஜய் ஹராங்கால் தலைமையில ஆயுதக் குழு, எதிர்ப்பக்கம் வங்காளிகளோட "அம்ரா பங்காலி" அமைப்பு. 1979-ல பழங்குடிப் பகுதிகளுக்கு தன்னாட்சி கவுன்சில் அமைக்கிற சட்டம் பாஸ் ஆனதும் ரெண்டு பக்கமும் சூடேறி 1980 ஜூன்ல வெடிச்சுது. மந்தாயில ஜூன் 8-ம் தேதி ஒரே நாள்ல கொல்லப்பட்ட வங்காளிகள் இருநூறுக்கும் மேல, மத்த இடங்கள்ல பழங்குடி ஊர்களும் எரிஞ்சுது, சாவும் உண்டு. முதல்ல சொன்ன அதே மந்தாய்தான். அதுக்கு முன்னாடி கலந்து இருந்த ஊர்கள்ல நிறைய, வங்காளி தனி பழங்குடி தனின்னு பிரிஞ்சதே அதுக்கப்புறம்தான்.

கேள்வி (வாசகர், சேலம்): கவுன்சில் வந்து என்னதான் கிடைச்சுது?

பதில்: மாநிலத்து பரப்புல மூணுல ரெண்டு பங்கு கவுன்சில் எல்லைக்குள்ள, 1985-ல இருந்து அரசியல் சட்டத்தோட ஆறாவது அட்டவணை (பழங்குடிப் பகுதி தன்னாட்சிக்கானது) பாதுகாப்பும் உண்டு. ஆனா துட்டு அகர்தலாகிட்ட. அசெம்பிளியில 60-க்கு 20 சீட் ரிசர்வ், பழங்குடி முதல்வர்னு பாத்தா தசரத் தேவ் ஒருத்தர்தான், 1993-ல இருந்து 98 வரைக்கும், ராஜா ஆட்சியை எதிர்த்து மலை ஜனங்களைத் திரட்டி அங்க கம்யூனிஸ்ட் கட்சியை வளர்த்த ஆளு. இப்ப விளையாட்டு மாறிடுச்சு, ராஜ குடும்பத்து பிரத்யோத் மாணிக்யா திப்ரா மோத்தா கட்சி ஆரம்பிச்சு 2021-ல கவுன்சிலை புடிச்சார், 2023 அசெம்பிளியில 13 சீட்டு. கோரிக்கை "கிரேட்டர் திப்ராலேண்ட்", அதாவது பழங்குடிகளுக்கு தனி மாநிலம். 2024 மார்ச்ல மத்திய அரசோட ஒப்பந்தம் போட்டுட்டு அவங்க கட்சி மந்திரிசபையிலயும் சேர்ந்தாச்சு. தனி மாநிலம் வருமான்னா, என் கணிப்பு வராது, பழங்குடி ஊரும் வங்காளி ஊரும் பின்னிக் கிடக்கிற மேப்புல கோடு கிழிக்க இடமே இல்ல. நிலம், நிதி, கோக்போரோக்குக்கு எந்த எழுத்துங்கிற சண்டை (பெங்காலி எழுத்தா ரோமன் எழுத்தான்னு இன்னும் ஓயல), இதுல ஏதாவது கிடைச்சா அதுவே பெருசு.

கேள்வி (வாசகர், விழுப்புரம்): புரூ அகதிகள்னு நியூஸ்ல வருதே, அவங்களும் வங்காளிகளா?

பதில்: இல்லீங்க, அவங்க பழங்குடி, அங்க ரியாங்னு சொல்றவங்கதான். 1997-ல மிசோரம்ல நடந்த மோதல்ல உசுருக்கு பயந்து வட திரிபுரா காஞ்சன்பூர் பக்கம் ஓடி வந்து இருவது வருஷத்துக்கு மேல கேம்ப்ல கிடந்தாங்க. 2020 ஜனவரி ஒப்பந்தத்துல திரிபுராவுலயே குடியேத்துறதா முடிவாச்சு, குடும்பத்துக்கு ஒரு மனை, வீடு கட்ட பணம், 4 லட்சம் டெபாசிட். அந்த வருஷக் கடைசியில இதை எதிர்த்து காஞ்சன்பூர் பக்கம் ரோட்டுக்கு வந்தது யாருங்கறீங்க, பெரும்பாலும் அங்க இருக்கிற வங்காளிகள்! "எங்க நிலம், எங்க காடு, நாங்க எங்க போறது"ன்னு. அறுபது வருஷத்துக்கு முன்னாடி இதே வசனத்தை யாரு யாரைப் பாத்து சொன்னாங்கன்னு நான் வேற எழுதணுமா?

கேள்வி (வாசகி, புதுச்சேரி): டூர் போகலாமா சார்? பர்மிட் வேணுமாமே?

பதில்: தாராளமா போங்கம்மா. மிசோரம், நாகாலாந்து, அருணாச்சல், மணிப்பூருக்குத்தான் இன்னர் லைன் பர்மிட் (வெளி மாநிலத்துக்காரங்க உள்ள போக வாங்குற அனுமதி), திரிபுராவுக்கு வேண்டாம், அங்கயும் அதைக் கொண்டு வரணும்னு பழங்குடி அமைப்புங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கு. உனகோடி பாறைச் சிற்பமும் ஏரிக்கு நடுவுல இருக்கிற நீர்மஹால் அரண்மனையும் கட்டாயம் பாருங்க. சாப்பாட்டுல கோடோக் (காய்கறியோட பெர்மா போட்டு செய்யுறது) கிடைச்சா விடாதீங்க, காரம் குறைக்கச் சொல்லாதீங்க, கருவாடு பழக்கம் இருக்கிற நமக்கு அது பெரிய விஷயமே இல்ல.