மழை விட்டதும் எல்லாக் கூடுகளிலிருந்தும் ஒரே நாளில் இறக்கை எறும்புகள் கிளம்புவது எப்படி?

கூடுகள் தங்களுக்குள் பேசி நாள் குறிப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரே மாதிரி வானிலைக்குக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். (ஈசலைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கரையான். அதற்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும்.)

பறப்பவை இணைசேரக் கிளம்பும் ஆண்களும் இளம் ராணிகளும். அவை மழையன்று பிறந்தவை அல்ல, முன்பே வளர்ந்து உள்ளே தயாராக இருப்பவை. கருவுறாத முட்டை ஆணாகும்; கருவுற்ற முட்டையின் புழுவுக்குப் போதிய தீனி கிடைத்தால் ராணி, இல்லாவிட்டால் வேலைக்கார எறும்பு. ராணிகளை வளர்ப்பது பெருஞ்செலவு. ஆள்பலம் சேராத இளங்கூடு அதில் இறங்காது.

நன்றாக ஆராயப்பட்ட சிவப்பு நெருப்பெறும்பைப் பார்ப்போம். தென் அமெரிக்காவிலிருந்து போய் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பரவிய இனம். மழைக்குப் பின் ஓரிரு நாளில், வெப்பம் 24 டிகிரி செல்சியஸைத் தொட்டு, காற்று அடங்கிய பகல்தான் அதற்கு ஏற்ற நேரம். புறப்படும் முன் வேலைக்கார எறும்புகள் புற்றின் மேல் புதுத் துளைகள் திறந்து பரபரவென்று ஓடும்; இறக்கையுள்ளவை புல் நுனிக்கு ஏறி எழும்பும். இணைசேர்வது 100 மீட்டருக்கும் மேலே என்பதால் நம் கண்ணில் படாது.

மழை ஏன்? இறங்கிய ராணி தானே வளை தோண்ட வேண்டும். ஈரமண்ணில்தான் அது சுலபம், உடலும் வறளாது. ஒரே நாள் ஏன்? தட்டானும் பறவையும் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கூட்டம் வேண்டும். அதைவிட முக்கியம், வேற்றுக் கூட்டு ஆண் கிடைக்க வேண்டும். உடன்பிறந்த ஆணோடு சேர்ந்தால், வேலைக்கார எறும்பாக வேண்டிய முட்டைகளில் பாதி உதவாத ஆண்களாகிவிடக்கூடும். புதுக் கூடு அதைத் தாங்காது.

‘ஒரே நாள்’ என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும். பிரிட்டனின் கறுப்புத் தோட்ட எறும்பைப் பொதுமக்கள் உதவியோடு கணக்கெடுத்ததில், கோடை முழுக்கப் பல நாட்களில் பறந்தது தெரிந்தது. ஆனால் 13 டிகிரிக்குக் கீழேயோ, காற்று நொடிக்கு 6.3 மீட்டரைத் தாண்டினாலோ பறக்கவில்லை.

இணைசேர்ந்த ஆண் விரைவில் சாகும். ராணி இறக்கையை உதிர்த்து, வளைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, இனி தேவைப்படாத பறக்கும் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்க்கும். பெரும்பாலான ராணிகள் அதற்கு முன்பே இரையாகிவிடும்.

வளர்த்துப் பார்க்க விரும்பினால், இறக்கை உதிர்த்துத் தரையில் ஓடும் ராணியைப் பிடியுங்கள். சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன்மேல் இறுக்கமான பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வையுங்கள். ராணி இப்படி வளைக்குள் அடைந்தே கூட்டைத் தொடங்கும் இனமென்றால் முதல் வேலைக்கார எறும்பு வரும்வரை தீனி வேண்டாம். தினமும் எடுத்துப் பார்த்தால் மிரண்டு முட்டையைத் தின்றுவிடக்கூடும். வாரம் ஒருமுறை போதும். இணைசேராமலே இறக்கை உதிர்ப்பவையும் உண்டு. அவற்றின் முட்டையில் ஆண்கள்தான் வரும், கூடு அமையாது.