வாலைப் பிடிக்காதீர்கள்: நடுரோட்டில் ஸ்னாப்பிங் ஆமை

கேள்வி: கனடாவில் அஜாக்ஸ் பக்கம் இருக்கிறோம். போன ஜூனில் குளத்தை ஒட்டிய ரோட்டில் அண்டா மூடி அளவுக்கு ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனதும் சீறிக்கொண்டு பாய்ந்தது. வாலைப் பிடித்துத் தூக்கி ஓரமாகப் போடலாம் என்றார் கணவர், நான் விடவில்லை. எப்படித்தான் நகர்த்துவது? பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?

பதில்: நல்லவேளை, விடவில்லை. ஆமையின் வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. பத்து கிலோ உடம்பை அதில் தொங்கவிட்டால் எலும்பு விலகிவிடும். வாலைப் பிடிப்பது கைக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆமைக்கு அது முடமாகும் வழி.

நீங்கள் பார்த்தது ஸ்னாப்பிங் ஆமைதான். வால் நெடுகிலும் ரம்பப் பல் மாதிரி மேடுகள் இருந்திருக்குமே? ஆமை என்றால் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதுதான் நமக்குத் தெரிந்தது. இதற்கு அடிப்பக்க ஓடு ரொம்பச் சின்னது, உடம்பு முழுக்க உள்ளே அடங்காது. அதனால் தரையில் அதற்குக் கடிதான் கவசம். தண்ணீரில் இருந்தால் பெரும்பாலும் நம்மைக் கண்டு நழுவிப் போய்விடும்.

ஜூனில் ரோட்டுக்கு வருவது பெரும்பாலும் முட்டையிடப் போகும் பெண் ஆமை. ரோட்டோரச் சரளை மண் அதற்குப் பிடித்த இடம். போக்குவரத்து இல்லாத ரோடு என்றால் ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள், அதுவே கடந்துவிடும். அவசரம் என்றால் கையால் தொடாமலே முடிக்கப் பாருங்கள். பனி அள்ளும் ஷவல் ஜூனிலும் டிரங்கில்தானே கிடக்கும்? அதைப் பின்பக்கமாக ஆமைக்கு அடியில் செருகி, தரையை ஒட்டியே இழுத்துப் போகலாம். கார் மிதியடியும் இதற்கு உதவும்: ஆமைக்குப் பின்னால் விரித்து, ஓட்டின் பின்விளிம்பைப் பிடித்து அதன்மேல் இழுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மிதியடியோடு சேர்த்து இழுத்தால் போதும்.

தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பின்னாலிருந்து மட்டுமே போங்கள். ஓட்டின் பக்கவாட்டைப் பிடிக்கவே கூடாது. கழுத்து சுருண்டு கிடக்கும்போது குட்டையாகத் தெரியும். நீட்டினால் ஓட்டின் பாதியைத் தாண்டிப் பின்னால் வந்து கவ்வும். ஒரு கையை வாலுக்கு அடியில் விட்டு, அடிஓட்டை உள்ளங்கையில் தாங்குங்கள். மறு கை பின்னங்கால்களுக்கு மேலே ஓட்டின் விளிம்பில் இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டைப் பின்னாலிருந்து ஏந்துகிற மாதிரிதான். பின்னங்கால் நகங்கள் கையைப் பிராண்டும், அதற்குத் தயாராக இருங்கள். நான் முதல்முறை தூக்கியபோது அந்தப் பிராண்டலுக்கே பயந்து கையை விடப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் தூக்காததால் ஓடு தப்பியது.

ஒருவேளை கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். ஆமையைத் தரையிலோ தண்ணீரிலோ விட்டால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கு டாக்டரைப் பாருங்கள். கடிக்காவிட்டாலும் கை கழுவவேண்டும். ஆமைகளிடம் சால்மொனெல்லா கிருமி சாதாரணம்.

ஏரி விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். அது எந்தப் பக்கம் பார்த்துப் போனதோ அந்தப் பக்க ரோட்டோரத்தில் விடுங்கள், அவ்வளவுதான். திருப்பி விட்டால் மறுபடி ரோட்டில் ஏறும். வேறு ஏரிக்குக் கொண்டுபோனால் பழகிய இடத்தைத் தேடி இன்னும் பல ரோடுகளைக் கடக்கப் பார்க்கும். ஒன்டாரியோவில் ஒரு ஸ்னாப்பிங் ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டவே 15 முதல் 20 வருடம் ஆகும். இடுகிற முட்டைகளில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பெரிதாவதில்லை. அதனால் வளர்ந்த பெண் ஆமை ஒன்று போனால் அதை ஈடுகட்டுவது லேசல்ல. 2017இல் அந்த மாகாணம் இதை வேட்டையாடுவதை நிறுத்தியது. வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பதும் கூடாது.

ஓடு உடைந்து கிடந்தால் செத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காற்றுத் துளையும் மூடியும் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில், தண்ணீரோ சாப்பாடோ வைக்காமல் எடுத்துக்கொண்டு, பீட்டர்பரோவில் உள்ள ஒன்டாரியோ ஆமை பாதுகாப்பு மையத்துக்குப் போன் செய்யுங்கள். ஆமைகளுக்கென்றே உள்ள ஆஸ்பத்திரி அது. தாய் பிழைக்காவிட்டாலும் வயிற்றிலுள்ள முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைப்பார்கள். எடுத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துக் கொடுங்கள்; குணமானதும் அங்கேதான் கொண்டுவந்து விடவேண்டும்.