காசநோய் மாதிரி, ஆனால் காசநோய் இல்லை: மெலியாய்டோசிஸ் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவுக்கு மூன்று மாதமாகக் காசநோய் மாத்திரை கொடுக்கிறோம். சளியில் ஒருமுறைகூடக் கிருமி தெரியவில்லை. காய்ச்சலும் விட்டபாடில்லை. சர்க்கரை நோய் உண்டு. மெலியாய்டோசிஸாக இருக்கலாம் என்கிறார் புதிதாகப் பார்த்த டாக்டர். அப்படி ஒரு நோயா?

பதில்: இருக்கிறது. அவர் சந்தேகப்பட்டதே பெரிய விஷயம். வெப்ப நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது இது. அந்தக் கிருமி காயம் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிநீர் வழியாகவோ உள்ளே போகும். மழைக்காலத்தில் அதிகம் பார்ப்போம். நோயாளிகளில் பாதிப் பேருக்காவது சர்க்கரை இருக்கும். நுரையீரலின் மேல்பகுதியைப் பிடித்தால் எக்ஸ்ரே அச்சு அசலாகக் காசநோய் போலவே தெரியும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உறுதி செய்ய கல்ச்சர்தான் வழி; அதாவது மாதிரியில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. ரத்தம், சளி, சிறுநீர், தொண்டையில் எடுத்த மாதிரி, கட்டி இருந்தால் சீழ் என எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள். ஒருமுறை நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய 60 சதவீதம் பேரிடம்தான் கல்ச்சர் அதைப் பிடிக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். வயிற்று ஸ்கேனும் எடுங்கள். கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்குப் புரோஸ்டேட் ஆகியவற்றில் சத்தமில்லாமல் சீழ்க்கட்டி உட்கார்ந்திருக்கும். காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'சூடோமோனாஸ் வகை, வெளியிலிருந்து மாதிரியில் கலந்ததாக இருக்கலாம்' என்று போட்டிருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. சூடோமோனாஸ் வேறொரு பாக்டீரியா வகை; மெலியாய்டோசிஸ் கிருமிக்கு அந்தப் பெயரை ஒட்டி அனுப்புவது பழைய கதை. எந்த ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி அடங்குகிறது என்று ரிப்போர்ட்டில் உள்ள மருந்துப் பட்டியலைப் பாருங்கள்: ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாமல், கோ-அமாக்ஸிகிளாவுக்கு அடங்கினால் எனக்குப் பொறி தட்டும். என்ன சந்தேகம் என்று லேபுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அங்கே வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்கும் அது அவசியம். 1911-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு டாக்டர்கள் கண்டுபிடித்த கிருமி, நூறு வருடம் கழிந்தும் ரிப்போர்ட்டில் தப்பிப்பது எனக்கு எரிச்சல்தான்.

கேள்வி: ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பதில்: அப்படியென்றால் மருந்தும் வேண்டாம். கிருமி உள்ள ஊர்களில் ஆரோக்கியமானவர்களுக்கும் அது பாசிட்டிவ் வரும்.

கேள்வி: மெலியாய்டோசிஸுக்கு ஊசி தொடங்கி ஐந்து நாள் ஆகியும் காய்ச்சல் குறையவில்லை. மருந்தை மாற்றச் சொல்லலாமா?

பதில்: பொறுங்கள். சரியான மருந்து போனாலும் காய்ச்சல் தணிய ஒன்பது நாள் போல ஆவது சகஜம். செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசியாகப் போக வேண்டும். ஆழமான கட்டி, எலும்பு, மூளை என்றால் வாரக்கணக்கில். தாய்லாந்தில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வில், பழைய மருந்துகளோடு 74 சதவீதமாக இருந்த இறப்பு செப்டாசிடிமால் 37 ஆகக் குறைந்தது. பெயர் ஒரே மாதிரி ஒலிக்கிறதே என்று செஃப்ட்ரியாக்ஸோனைப் போடுவது சரியான மாற்று ஆகாது. ஆனால் காய்ச்சல் நீடித்துக்கொண்டே போனாலோ, ஆள் சோர்ந்தாலோ, வடிக்காத சீழ் எங்காவது இருக்கிறதா என்று மறுபடி ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தாயிற்று. உடம்பு நன்றாக இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் மாத்திரை எதற்கு?

பதில்: ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமிக்காக. பாதியில் விட்டவர்களுக்கு நோய் திரும்புவதுண்டு. அந்த மாத்திரையான கோ-டிரைமாக்ஸசோல் சாப்பிடும்போது ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) இரண்டையும் அவ்வப்போது பாருங்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் போல வேறு வழி உண்டு.

கேள்வி: பக்கத்தில் படுத்தால் ஒட்டுமா?

பதில்: மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது. தாராளமாகக் கூட இருங்கள். சர்க்கரை உள்ளவர் சேற்றில் இறங்கினால் பூட்ஸ் போடட்டும்.