ஒரே ஊர், இரண்டு குரல்

கேள்வி: சில வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். படிப்பவர்கள் எல்லாரும் "எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) சாயல் தெரிகிறது" என்கிறார்கள். எனக்கென்று ஒரு நடை அமைய என்ன வழி? அவரைப் படிப்பதை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்.

பதில்: நிறுத்தாதீர்கள். கூடவே கு. அழகிரிசாமியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்காரர்கள். சம வயது, பால்ய சிநேகிதம், சங்கீதப் பித்து எல்லாம் இருவருக்கும் பொது. ஆனாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

கி.ரா.வின் 'கதவு', அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' இரண்டையும் ஒரே நாளில் படித்துப் பாருங்கள். இரண்டிலும் ஓர் ஏழைத் தாயும் அவள் குழந்தைகளும்தான். கி.ரா. கதவை விட்டு நகர்வதே இல்லை. குழந்தைகள் அதில் தொற்றி பஸ் விளையாடுகிறார்கள். தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் தேடிப்போய் அதைக் கண்டு கட்டிக்கொள்கிறார்கள். ஒரு மரப்பலகையைப் பற்றியே பேசி அந்த வீட்டின் கதியைச் சொல்லிவிடுகிறார். அழகிரிசாமியின் கவனம் வேறு. தீபாவளிக்கு முதல் நாள் வந்து நிற்கும் அநாதைப் பையனைப் பார்க்கும்போது அந்தத் தாயின் மனசில் என்ன ஓடுகிறது என்பதிலேயே அவர் நிற்கிறார். அவள் நல்லவள் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த அடக்கம் என்னை இன்றும் கலங்க வைக்கிறது.

எழுதுகிறவனின் மனசு எங்கே தங்குகிறதோ அங்கேதான் நடை பிறக்கிறது என்பது என் திடமான எண்ணம். வட்டாரச் சொற்களைத் தூவினால் வராது. அந்தப் பக்கத்துக் கரிசல் மண்ணின் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர் கி.ரா.; அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப்போல எழுதிவிட முடியுமா? எங்களுக்கு வரும் பல கதைகளில் பாத்திரங்கள் அசல் ஊர்ப்பேச்சு பேசுகின்றன, கதை சொல்பவரோ செய்தித்தாள் வாசிக்கிறார்.

உங்கள் பழைய கதைகளை எடுங்கள். கதைக்குத் தேவையில்லாமலே நீங்கள் மெனக்கெட்டு எழுதிய இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். ஒருவேளை எல்லாக் கதையிலும் யாராவது கடன் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அல்லது ஒரு கிழவி சமைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த கதையை அந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டில் ஒருவரிடம் அதை வாயால் சொல்லிவிட்டு, அன்றைக்கே எழுத உட்காருங்கள்.