ஆக்டிவ் குறி இடம் மாறினால்...

கேள்வி: ஐயா, எங்கள் கோயில் தமிழ் வகுப்புக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருக்கிறது. இடம் போதவில்லையே என்று பார்ட்டிஷன்களை (டிஸ்கைப் பிரித்த பகுதிகளை) மாற்றும்போது சி டிரைவை 'ஆக்டிவ்' ஆக்கிவிட்டேன். இப்போது 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்து நின்றுவிடுகிறது. கடைக்காரர் ஃபார்மட் பண்ணச் சொல்கிறார். பிள்ளைகளின் வினாத்தாள் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வழி உண்டா? (ஓர் ஆசிரியை, ரங்கூன்)

பதில்: உண்டு டீச்சர், ஃபார்மட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்கின் முதல் 512 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது, அதில் எதற்கு ஆக்டிவ் குறி இருக்கிறதோ அந்தப் பார்ட்டிஷனில்தான் பூட் வேலை, அதாவது விண்டோஸைக் கிளப்பும் வேலை, தொடங்கும். விண்டோஸ் 7 நிறுவும்போது பெரும்பாலும் 'சிஸ்டம் ரிசர்வ்ட்' என்று 100 எம்பியில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் போட்டு, விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட்எம்ஜிஆர் கோப்பை அங்கே வைத்துவிடும். குறி சி டிரைவுக்குப் போனதும் கோப்பை அங்கே தேடுகிறது, அது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து, ரிப்பேர் வழியாகக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போங்கள். 'டிஸ்க்பார்ட்', 'லிஸ்ட் டிஸ்க்', 'செலக்ட் டிஸ்க் 0', 'லிஸ்ட் பார்ட்டிஷன்' என்று வரிசையாகக் கொடுத்தால் 100 எம்பி பார்ட்டிஷன் தெரியும், பெரும்பாலும் அது 1-ஆம் எண். அதை செலக்ட் செய்து 'ஆக்டிவ்' என்று கொடுங்கள். டிஸ்க் எண்ணை அளவு பார்த்து உறுதி செய்யுங்கள், பென் டிரைவ் செருகியிருந்தால் எண் குழப்பும். 'லிஸ்ட் டிஸ்க்' காட்டும்போது ஜிபிடி (வேறு வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) பத்தியில் நட்சத்திரம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அந்த வகை டிஸ்கில் ஆக்டிவ் என்ற பேச்சே கிடையாது.

அந்தச் சின்னப் பார்ட்டிஷனையே அழித்துவிட்டீர்கள் என்றால் சி டிரைவே ஆக்டிவாக இருக்கட்டும், 'பிசிடிபூட்' (bcdboot) கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டினால் பூட் கோப்புகளை அது மறுபடி எழுதிக்கொள்ளும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: ரிப்பேர் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறும், உங்கள் சி அங்கே டி ஆகியிருக்கலாம், அதனால் உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் 'டிர்' (dir) கட்டளை போட்டு விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்த பிறகே கட்டளையைக் கொடுங்கள்.

ரங்கூனில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, இன்வெர்ட்டரில் போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். விண்டோஸ் வந்ததும் முதலில் வினாத்தாள்களை வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள், இடப் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம்.