பேலியோவில் 9 கிலோ குறைந்த பக்கத்து வீட்டு அண்ணனை நம்புவதா, ஆய்வை நம்புவதா?

ராயபுரத்தில் உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பேலியோவில், அதாவது சோறு, இட்லி போன்ற தானிய உணவை நிறுத்தும் டயட்டில், மூன்று மாதத்தில் 9 கிலோ குறைந்தார், சர்க்கரையும் இறங்கியது. ஆய்வுகளோ டயட்டுகளுக்குள் பெரிய வித்தியாசமில்லை என்கின்றன, எதை நம்ப என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் குறைந்தது உண்மை. எதனால் என்பதுதான் தெரியாது. சோற்றை நிறுத்திய அன்றே சாயங்கால பஜ்ஜி, சர்க்கரை போட்ட டீ, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ நூடுல்ஸ் எல்லாமே நின்றிருக்கும். முதல் வாரத்தில் இறங்கும் ஒன்றிரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான்: உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒரு கிராமோடு சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும், மாவுச்சத்தைக் குறைத்ததும் இரண்டும் போய்விடும். இருபது நாளில் டயட்டை விட்டவர்களோ அதை யாரிடமும் சொல்வதில்லை.

2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டின் டயட்ஃபிட்ஸ் ஆய்வில் 609 பேர். ஒரு வருடத்தில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இறங்கினார்கள். ஆனால் இரண்டு அணியிலும் இருபது கிலோவுக்கு மேல் குறைந்தவரும் உண்டு, எடை கூடியவரும் உண்டு. உங்கள் அண்ணன் அந்த ஆய்வைப் பொய்யாக்கவில்லை, அதற்குள்ளேயே இருக்கிறார். அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை என்பதால், சர்க்கரைக்கு அதை ஆதாரமாகக் காட்டுவதும் தவறு.

உங்கள் உடம்புக்கு எது என்று நீங்களே அளக்கலாம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், தினமும் காலைக்கடன் முடித்ததும் எடை பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் குறித்துவையுங்கள். பிறகு உணவை மட்டும் மாற்றுங்கள், நடையையும் டாக்டர் சொன்ன மாத்திரை அளவையும் மாற்றாதீர்கள். எந்தச் சாப்பாட்டில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, மூன்று இட்லி சாம்பாரோடு ஒரு நாள், இரண்டு இட்லியும் சங்கரா மீன் குழம்பும் இன்னொரு நாள். முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் குளுக்கோமீட்டர். ஒவ்வொன்றையும் மூன்று தடவையாவது செய்யுங்கள், ஏனென்றால் நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம்: 160-க்கும் 175-க்கும் நடுவே முடிவு எதுவும் இல்லை. மாம்பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் எண் எகிறும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி டெஸ்ட்டும் (HbA1c) கூடுதலாகக் காட்டலாம்.

எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறினால் உடம்புக்குத் தெரியாது. தொடங்கும் முன்னும் 12 வாரம் கழித்தும் ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். இதில் 'நல்லாத்தானே இருக்கேன்' என்பது செல்லாது.

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம். டபாகிளிஃபுளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு, மீட்டரில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பார்ப்பவரானாலும் தனியாரில் பார்ப்பவரானாலும், மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி அளவை மாற்றிக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.