அழியவிடுவதற்காகவே செதுக்கும் சிற்பம்: மலங்கன் கேள்வி பதில்

பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த நியூ அயர்லாந்து, ஒடுங்கி நீண்ட தீவு. அதன் வடபகுதியிலும் அருகிலுள்ள தபார் தீவுகளிலும் இறந்தவர்களுக்காகச் செதுக்கப்படும் மரச்சிற்பம்தான் மலங்கன். அதைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இவை அவர்களுடைய சாமி சிலைகளா?

இல்லை ஐயா, வைத்துக் கும்பிடுகிற சிலைகள் அல்ல. மலங்கன் என்ற பெயர் சிற்பத்துக்கும் உண்டு, அதை நிறுத்தும் சடங்குக்கும் உண்டு. ஒருவர் இறந்து பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத்தான் இந்தச் சடங்கு நடக்கும். பன்றி அறுத்து விருந்து வைக்க வேண்டும், பட்ட கடன்களைத் தீர்க்க வேண்டும். அவ்வளவுக்கும் சேர்ப்பதற்கு நாளாகும். அதனால் பலர் சாவுக்கும் சேர்த்து ஒரே சடங்காக நடத்துவதும் உண்டு. அது முடிந்ததும் துக்க விலக்குகள் நீங்கிவிடும்.

தச்சுத் தொழிலாளி: படத்தில் பார்த்தேன். உடம்பெல்லாம் துளையும் கம்பியுமாக இருக்கிறது. மரம் எப்படித் தாங்குகிறது?

தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. மரம் பெரும்பாலும் ஏழிலைப்பாலை. ஆம் தம்பி, நம் ஊரிலும் வளர்கிற அதே மரம்தான். எடை குறைவு, உளிக்கு இணங்கும். அதில் மீன், பாம்பு, இருவாட்சிப் பறவை, மனிதன் என்று ஒன்றை ஒன்று கவ்வியும் விழுங்கியும் நிற்கும்படி செதுக்குவார்கள். நீங்கள் கம்பி என்று சொன்னவையும் மரம்தான். சுற்றிலும் குடைந்து எடுத்தபின் விடப்பட்ட மெல்லிய சட்டங்கள் அவை. சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவிச் சிவப்பு ஆகிய மூன்று நிறங்களும் முக்கியமானவை. இரும்பு வருவதற்கு முன் கல்லையும் சிப்பியையும் கொண்டே இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சிற்பக்கலை மாணவி: இவ்வளவு உழைத்துவிட்டு ஏன் அழியவிட வேண்டும்? மனம் ஒப்பவில்லை.

எனக்கும் முதலில் ஒப்பவில்லை அம்மா. வேலியடைத்த இடத்தில், யார் கண்ணிலும் படாமல் வாரக்கணக்கில் செதுக்குகிறார்கள். வேலியைத் திறந்து, எல்லாரும் பார்த்தானதும் சிற்பத்தின் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு அதை மழையில் மக்க விடுவார்கள், அல்லது எரிப்பார்கள். இறந்தவருடைய உயிர்ச்சக்தி அந்த மரத்தில் சிறிது காலம் உடம்பெடுத்துத் தங்குகிறது என்பது அவர்கள் எண்ணம். மரம் மக்கினால்தான் அந்தச் சக்தி விடுபட்டு உயிரோடிருப்பவர்களிடம் திரும்பும். அதைப் பாதுகாத்து வைத்தால் இறந்தவரைப் பாதி வழியில் நிறுத்தியதாகிவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு, அழிப்பது என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது, அது வழியனுப்புவது.

சட்ட மாணவர்: சிற்பமே மிஞ்சாதென்றால் அடுத்த தலைமுறைக்கு உருவம் எப்படித் தெரியும்?

மலங்கனில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். அங்கே சொத்து என்பது மரம் அல்ல, உருவம். ஒவ்வோர் உருவத்துக்கும் பெயர் உண்டு, உரிமையாளர் உண்டு. சடங்கில் எல்லாரும் பார்த்திருக்க, பன்றியும் சிப்பிப் பணமும் கொடுத்து உரிமையைப் பெறுகிறவர், நிற்கிற சிற்பத்தைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுகள் கழித்துத் தன் முறை வரும்போது, நினைவிலிருந்து செதுக்குபவருக்குச் சொல்லிச் செய்விப்பார். உரிமையில்லாத ஒருவர் அதே உருவத்தைச் செதுக்கினால் பெரும் வழக்காகிவிடும். நிலத்தின் மீதான உரிமைகளும் இந்த உருவங்களோடு பிணைந்தவை.

ஒரு வாசகி: அப்படியானால் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இத்தனை மலங்கன்கள் எப்படி?

1884இலிருந்து முதல் உலகப்போர் தொடங்கும்வரை அந்தத் தீவு ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. வணிகர்களும் அதிகாரிகளும் சேகரிப்பாளர்களும் கப்பல் கப்பலாக வாங்கிச் சென்றார்கள். மக்கள் விற்றதற்கு ஒரு காரணம், சடங்கு முடிந்த மரம் ஊரைவிட்டுப் போவதும் மக்கிப்போவதும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றே என்பது. உருவத்தின் உரிமையை அவர்கள் விற்கவில்லை. காட்சிப் பெட்டியின் குறிப்பு அட்டைகளில் இதை அவசியம் எழுத வேண்டும் என்பேன்.

அதே வாசகி: இன்றும் நடக்கிறதா?

நடக்கிறது. கிறிஸ்தவம் வேரூன்றிய பிறகும் விடவில்லை.

கல்லூரி மாணவர்: அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்க வாய்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

கண்ணை. ஒரு வகைக் கடல் நத்தை தன் ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ளும் வட்டமான மூடியைத்தான் கண்ணாகப் பதிப்பார்கள். நடுவில் பச்சை, ஓரத்தில் வெளுப்பு, ஈரம் பட்டதுபோல் ஒரு மினுமினுப்பு. குனிந்து, சிற்பத்தின் முகமட்டத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுவந்து, மெல்ல இடமும் வலமும் நகருங்கள். விளக்கொளி அந்த மூடியின் மீது சறுக்கும்போது விழி உங்களோடு திரும்பும்.